ஊற்று எந்தப் பக்கம்

மின் நிலைய விடுதி,
ஆபிரிக்கா.
8.7.1984

அன்புள்ள தங்கச்சி கமலாவுக்கு,

அண்ணா எழுதிக்கொள்வது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி என்று முதலில் எழுது.

எனக்கு என்ன வேலை என்று சறோஜினி உன்னிடம் கேட்டாளாம். கட்டிக்கொள்ளப் போகிறவள், கேட்கத்தான் வேண்டும். இங்கே நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயால் ஒரு பெரிய குளத்துக்குள் விடுகிறார்கள். குளத்தைச் சுற்றிப் பனை உயரத்துக்கு மண்கட்டு. அந்தக் கட்டைப் பார்த்துக்கொள்கிற ஓவசியர் நான். எனக்கு மேலே எஞ்சினியர், செல்வரத்தினம் அத்தான். அவர் உனக்கு மாப்பிள்ளை, அவர் தங்கச்சி சறோஜினி எனக்குப் பெண் என்றான பிறகு, மேலதிகாரியைப் பற்றி முறைப்பாடு சொல்லக்கூட எனக்கு வழியில்லை. மாற்றுச் சம்பந்தம் செய்கிறவன் வாயைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

ஒரு புதினம் சொல்கிறேன். இப்போது இங்கே குளிர்காலம். மாதக்கணக்காக ஒரு துளி மழை இல்லை, புல்லெல்லாம் காய்ந்து வைக்கோலாகக் கிடக்கிறது. ஆனால் கட்டின் அடியில் ஒரு துண்டு நிலம் மட்டும் பச்சையாக இருந்தது. தண்ணீருக்கு அலைகிற சரவணையில் பிறந்தவன் அதைக் கண்டுவிட்டுச் சும்மா போவானா? இரண்டு ஆட்களைப் பிடித்து ஊர்முறைப்படி, கல் கட்டாத சின்னக் கிணறாக, ஒரு துரவு வெட்டினேன். நாலு அடியில் தண்ணீர். வாயில் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் உவர். எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர் அப்படியே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டுக்குக் கீழே தகரக் கொட்டில்களில் வேலையாட்களின் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பெண்கள் இப்போது துரவுத் தண்ணீரில் பூசணி போட்டிருக்கிறார்கள். என்னைக் கண்டால் கும்பிடுகிறார்கள்.

உன் மாமனாராகப் போகிற கதிர்காமு மாமாவுக்கு இதைச் சொல். துரவு என்றால் அவருக்குப் பிடிக்கும்.

அன்புள்ள அண்ணா,
குணநாயகம்

*

சரவணை,
வேலணை.
5.8.1984

அன்பான அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். கோயிலுக்குப் போகும்போது வலிக்காது, கிணற்றடிக்குப் போகும்போது வலிக்கும்.

சோளகக் காற்று அடித்துக் கண்ணெல்லாம் மண். குடிதண்ணீருக்கு இரண்டு குடத்தோடு நான் போய் வருவதற்குள் பள்ளிக்கூட பஸ் போய்விடுகிறது. அதனால் நீங்கள் ஆபிரிக்காவில் துரவு வெட்டிய கதை வீட்டில் பெரிய கதையாகிவிட்டது. அம்மா அதைச் சந்தி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். சறோஜினி ஆசிரியர் அறையில், "உங்கட அண்ணா எஞ்சினியருக்குக் கீழ வேலை செய்யிறாரோ, கிணறு வெட்டுறாரோ?" என்று கேட்டாள். கேட்ட முகத்தில் பெருமை இருந்தது. உங்களுக்கு அது போதும்.

மாமா உங்கள் கடிதத்தை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். புதிதாக எங்கே கிணறு வெட்டினாலும் அவர் கேட்கிற கேள்வி உங்களுக்குத் தெரியும்தானே. "ஊத்து எந்தப் பக்கத்தாலை வருது? அதைக் கேட்டு எழுது பிள்ளை" என்றார். இறைத்துவிட்டுப் பார்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னைத்தான் பிடிப்பார்.

செல்வரத்தினம் அத்தானும் எழுதியிருந்தார். துரவைப் பற்றி அவர் எழுதவில்லை. வேறு விஷயங்கள் எழுதியிருந்தார்.

நயினை அம்மன் உங்களுக்குத் துணை நிற்க வேண்டும்.

தங்கச்சி
கமலாதேவி

*

மின் நிலைய விடுதி.
9.9.1984

அன்புள்ள கமலாவுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்து ஒரு கிழமை. நான் சுகம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. மாமாவுக்கும் வேண்டாம்.

மாமா கேட்டபடி துரவை இறைத்துவிட்டு உள்ளே இறங்கி நின்றேன். மூன்று பக்கமும் காய்ந்த மண். தண்ணீர் ஒரே பக்கத்தால்தான் வந்தது. கட்டுப் பக்கத்தால். துரவு வெட்டிய புதிதில் ஒரு கிழவி அந்தத் தண்ணீரை வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். நல்ல தண்ணீரைத் துப்புகிறாளே என்று நான் சிரித்தேன். கமலா, இந்தப் பகுதியில் ஆறு, கிணறு எல்லாம் நல்ல தண்ணீர். உவர் என்பதே கிடையாது. உவர்ப்பது சாம்பல் குளம் ஒன்றுதான். உவர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. வேறு எந்த ஊர்க்காரனும் அன்றைக்கே பிடித்திருப்பான்.

கட்டுக்குள்ளால் குளம் கசிகிறது. கசிவு தெளிவாக வந்தால் பெரிய பயமில்லை. கலங்கி வந்தால், தண்ணீர் கட்டின் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவருகிறது என்று அர்த்தம். உள்ளே பொந்து விழும். ஒரு நாள் கட்டு இடிந்து விழுந்துவிடும். அதற்குக் கீழே அந்தக் கொட்டில்கள். துரவில் ஊறுவது இப்போது இலேசான சாம்பல் நிறம்.

அத்தானிடம் சொன்னேன். வந்து பார்த்தார். மே மாதம் கட்டைப் பரிசோதித்து, அடி காய்ந்திருக்கிறது என்று கையெழுத்து வைத்தவர் அவர். பிறகு, "நான் பாக்கிறன், நீ ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். பார்ப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

குடிதண்ணீருக்குத் தனியே போகாதே, யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

அண்ணா

*

சரவணை.
2.10.1984

அன்பான அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். நீங்கள் சொன்னபடி கடிதத்தை ஒளித்துவிட்டேன். மாமாவுக்கு, "அண்ணா இன்னும் பார்க்கேல்லையாம்" என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. துரவு வெட்டியவன் ஊற்றைப் பார்க்காமல் இருப்பானா என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

கலியாணத்தை வைகாசியில் ஒரே பந்தலில் வைப்பதாகப் பேச்சு. அம்மா கூறைச் சேலை பார்க்க யாழ்ப்பாணம் போக வேண்டும் என்கிறார். மண்டைதீவுப் பக்கம் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கி ஏற்றுகிறார்கள், கொஞ்சம் பொறுத்துப் போவோம் என்றேன்.

அண்ணா, எனக்கு இரண்டு கேள்வி. கீழே எத்தனை வீடு? அத்தான் பார்ப்பதாகச் சொன்னாரே, என்ன பார்த்தார்? எனக்கு இரவில் நித்திரை சரியில்லை. நீங்கள் எழுதினால்தான் ஆறும்.

கமலா

*

மின் நிலைய விடுதி.
28.10.1984

அன்புள்ள கமலாவுக்கு,

நலமே இருக்கிறேன். உங்கள் எல்லோரின் சுகத்துக்கும் எழுது.

இங்கே வெயில் ஏறிவிட்டது. இன்னும் சில கிழமையில் மழை பிடிக்கும். எங்கள் சமையல்காரன் இப்போது பருப்புக் கறி வைக்கப் பழகிவிட்டான். வெங்காயம் வதக்கத்தான் இன்னும் பொறுமையில்லை. தேங்காய்க்கு வழியில்லை, பாலில் வைக்கிறான். அத்தான் சுகமாக இருக்கிறார். கூறைகளை நல்லதாகப் பார்த்து எடுங்கள். சறோஜினிக்குச் சிவப்புப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், தெரிந்தால் எழுது.

துரவை மூடிவிட்டோம். அதைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை.

அண்ணா

*

சரவணை.
22.11.1984

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா சுகம், நான் சுகம், மாடு சுகம்.

வெங்காயம் வதக்குவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. சரவணையில் தண்ணீர் உள்ள துரவை எவர் மூடினார்? ஒரு பிள்ளை விழுந்து செத்தால் மூடுவார்கள். வேறு எதற்கும் மூடிய கதை நான் கேட்டதில்லை. துரவை மூடினோம் என்று நீங்கள் எழுதியதை வாசித்த அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் பயம் வந்தது.

அடுத்த நாளே செல்வரத்தினம் அத்தானின் கடிதமும் வந்தது. அதில் ஒரு பகுதியை அப்படியே எழுதுகிறேன்: "உம்முடைய அண்ணா ஒரு சின்ன ஈரத்தைக் கண்டு வீணாகப் பயப்படுகிறான். இப்போது மேலே எழுதினால் ஒரு இயந்திரத்தை நிறுத்துவார்கள். மார்ச்சில் ஒப்பந்தம் முடியும்போது என் பதவியும் போகும், அவன் வேலையும் போகும். பிறகு வைகாசி ஏது? நீர் சொன்னால் கேட்பான். ஒரு சொல் எழுதிவிடும்."

அவர் கேட்டபடி ஒரு சொல் எழுதுகிறேன். சொல்லுங்கள். யாரிடம் சொன்னால் அந்தக் கட்டைத் திருத்துவார்களோ, அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்காக என்று எனக்குத் தெரியும். அதனால் நேற்று மாமா வீட்டுக்குப் போய், எனக்கு இந்தக் கலியாணத்தில் விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். சொல்லவில்லை. மகன் செய்ததைத் தகப்பனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமா, "அப்ப மற்றதும் இல்லைத்தானே" என்றார். ஓம் என்றேன். சறோஜினி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உங்களைக் கேட்காமல் உங்கள் கலியாணத்தையும் சேர்த்துக் குழப்பிவிட்டேன், அதற்கு என்னை ஏசுங்கள். அம்மா சாப்பிடவில்லை. சொந்தத் தமையன் வீட்டு வாசலை நான் அடைத்துவிட்டேன் என்று அழுகிறார்.

இனி உங்களுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. போய்ச் சொல்லுங்கள்.

கமலா

*

மின் நிலைய விடுதி.
30.11.1984

அன்புள்ள தங்கச்சி,

உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தபால் சுணங்குகிறதா, கோபமா தெரியவில்லை. சுகமாக இருக்க வேண்டும்.

உனக்கு ஒரு துரோகம் செய்துவிட்டு எழுதுகிறேன். போன கடிதத்தில் நான் ஒன்றும் எழுதாமல் விட்டது அத்தான் சொல்லித்தான். "குணம், நீ என்ர தங்கச்சியைக் கட்டப்போறவன். என்னைக் காட்டிக்குடுத்துப்போட்டு எந்த முகத்தோடை அந்தப் பந்தலிலை இருப்பாய்?" என்று கேட்டார். எனக்கு உன் முகம்தான் வந்தது. பேசாமல் துரவை மூடினேன்.

துரவை மூடினால் தண்ணீர் நிற்குமா? கொஞ்சம் தள்ளி ஒரு கொட்டிலின் பின்பக்கக் கோடியால் வந்தது. போன கிழமை மழை தொடங்கியது, குளம் ஏறியது. அந்த வீட்டுப் பெண் ஒரு வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அடியில் விரற்கடை உயரத்துக்குச் சேறு படிந்திருந்தது. சாம்பல் மட்டும் இல்லை, கட்டின் சிவப்பு மண்ணும். அத்தானுக்குக் காட்டினேன். "மழை விட்டால் குறையும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, கமலா. குறையும் என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார். இங்கே குளமும் கம்பனியுடையது, குளத்தைப் பார்க்கிற நாங்களும் கம்பனி ஆட்கள், பிழை கண்டால் சொல்ல வேண்டியதும் அதே கம்பனிக்குத்தான். பிழை கம்பனிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

நேற்று லீவு எடுத்துக்கொண்டு தலைநகருக்கு பஸ் ஏறினேன். அரசாங்கத்தில் குளக்கட்டுகளுக்கென்று ஒரு பரிசோதகர் இருக்கிறார். வாளிச் சேற்றை ஒரு போத்தலில் எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்தேன். முதல் சிரித்தார். பிறகு துரவு எங்கே வெட்டினாய், ஊற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

நாளைக்கு வருகிறார். அத்தானுக்கு இன்றைக்கு நானே சொல்லிவிட்டேன். உன் கலியாணத்தை என் கையால் உடைத்துவிட்டேன். கீழே முப்பதுக்கு மேல் வீடு. நீ கேட்டாயே, அதுதான் பதில். உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்குத் துணிவில்லை.

குணநாயகம்

*

சரவணை.
6.1.1985

அன்பான அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் டிசம்பர்க் கடைசியில், நத்தார் முடிந்துதான் வந்தது. என் கடிதமும் உங்களுக்கு அப்படித்தான் போயிருக்கும். இரண்டும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீங்கள் என் கலியாணத்தை உடைக்கவில்லை. அது உங்களுக்கு ஒரு கிழமை முந்தியே என் கையால் உடைந்துவிட்டது. மன்னிப்புக் கதையை இத்தோடு விடுங்கள்.

அத்தான் தன் வீட்டுக்கு எழுதிவிட்டார் போல. குணநாயகம் பதவி ஆசையில் மச்சானைக் காட்டிக்கொடுத்தான் என்று ஊரில் கதை. மாமா எங்கள் ஒழுங்கையால் வருவதில்லை, சுற்றிப் போகிறார். சறோஜினி பஸ்ஸில் இடம் மாறி இருக்கிறாள். அம்மா எழும்பி நடமாடுகிறார், என்னோடு பேச்சுக் குறைவு.

நான் இதையெல்லாம் பார்த்துக்கொள்வேன். ஒன்றை மட்டும் உடனே எழுதுங்கள். கட்டு நிற்கிறதா?

கமலா

*

மின் நிலைய விடுதி.
10.2.1985

அன்புள்ள கமலாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நவம்பர்க் கடிதத்தை வாசித்துவிட்டு விடுதிக்குப் பின்னால் போய் இருந்து அழுதேன். பிறகு சுகமாகிவிட்டது.

கட்டு நிற்கிறது. பரிசோதகர் வந்த அன்றைக்கே ஒரு இயந்திரத்தை நிறுத்தினார்கள். குளத்துத் தண்ணீரை இறக்கினார்கள். கொட்டில்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோய் விட்டார்கள். கட்டின் அடியில் மணலும் சல்லியும் கல்லும் அடுக்கடுக்காகப் போட்டோம். மேலே ஓர் இடத்தைக் கிண்டியபோது உள்ளே ஆள் தவழ்ந்து போகக்கூடிய பொந்து. அதைக் கண்டவர்கள் ஐந்தாறு பேர். கல்லும் மண்ணும் போட்டு இறுக்கி மூடியபின் மற்றவர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை.

மழைக்காலம் முழுதும் போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இப்போது என் குற்றம். மின்சாரம் வெட்டுப்பட்டதற்கு ஊரெல்லாம் என்னை ஏசுகிறது. சனங்கள் திரும்பி வந்துவிட்டார்கள், அவர்களுக்கும் கோபம். மழையும் விட்டு, கசிவும் நின்றதால் பூசணி காய்ந்துபோனதாம். முதலில் கும்பிட்ட அதே பெண்கள் இப்போது கண்டால் மற்றப் பக்கம் திரும்புகிறார்கள். வாளி கொண்டுவந்தவள் மட்டும் ஒரு பூசணிக்காய் தந்தாள், கடைசிக் காய்.

அத்தானை வேறு நிலையத்துக்கு மாற்றினார்கள். பெட்டியை ஏற்றும்போது என்னைப் பார்த்து, "பாத்தியோ, ஒண்டும் நடக்கேல்லை" என்றார். என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது, நீடிக்கமாட்டார்கள். சித்திரையில் வருவேன். எந்த முகத்தோடு என்பதுதான் தெரியவில்லை. மாமாவின் வாசலைத் தாண்டித்தானே எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

அண்ணா

*

சரவணை.
31.3.1985

அன்பான அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் புறப்பட முந்தி இந்தக் கடிதம் கிடைக்க வேண்டும் என்று வேலணைத் தபால் கந்தோருக்கு நானே கொண்டுபோகிறேன்.

பங்குனி வெயிலில் தண்ணீர் இறங்கிவிட்டது. மாமா தன் துரவை ஆழமாக்க ஆள் விட்டிருந்தார். வியாழக்கிழமை பின்னேரம், முழங்கால் வரைக்கும் சேற்றோடு எங்கள் படலையடியில் வந்து நின்றார். நாலு மாதத்துக்குப் பிறகு. அம்மா கதிரையை எடுத்துப் போட்டார், இருக்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

"பிள்ளை, போன ஆடியிலை நான் ஒரு கேள்வி கேட்டு எழுதச் சொன்னனான். அவன் மறுமொழி எழுதினவனோ?"

"ஓம் மாமா, எழுதினவர். நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை."

"ஊத்து எந்தப் பக்கம்?"

"கட்டுப் பக்கம்."

மாமா காலில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்துப் பார்த்தார். "தெளிஞ்சோ, கலங்கியோ?"

"கலங்கி."

"செல்வத்துக்குத் தெரியுமோ?"

"புரட்டாதிக்கு முந்தியே தெரியும் மாமா. வந்து பாத்தவர். கட்டுக்குக் கீழ முப்பது வீடு இருக்கு."

மாமா கதிரையில் இருந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை ஆறவிட்டுக் குடித்தார். "எனக்கு அவன் எழுதினது வேறை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல், "கட்டுக்குக் கீழ துரவு வெட்டினவன் ஒரு மடையன். கலங்கின ஊத்தைக் கண்டிட்டுச் சும்மா இருந்தவன் என்ர பிள்ளை" என்றார். எழும்பிப் போகும்போது படலையில் கை வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார், "குணம் வந்தவுடனை சறோசாவின்ர காரியத்தைப் பேசுவம். மாற்று ஒண்டும் வேண்டாம்."

அடுத்த நாள் பஸ்ஸில் சறோஜினி என் பக்கத்தில் வந்து இருந்தாள். இறங்கும்போது, "அவைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே, அந்த முப்பது வீட்டுக்கும்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப சரி" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவள் சொன்னபோதுதான் அது எனக்கு நல்ல செய்தியாகக் கேட்டது. அவளுக்குப் பிடித்தது சிவப்பு இல்லை, கரும்பச்சை.

என் காரியத்தைப் பற்றி மாமா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அத்தானின் கடிதங்களை எல்லாம் கட்டி அவர் புது விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். அவரை எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது, அண்ணா. இதை ஒருமுறை எழுதுகிறேன், வந்தபிறகு கேட்கக் கூடாது.

படலை திறந்துதான் இருக்கும். மாமா வாசலால் நேரே வாருங்கள்.

தங்கச்சி
கமலாதேவி